யாருக்கோ வந்த பதில்

ரயில் பங்காருபேட்டையை விட்டு நகர்ந்ததும் கொர்னேலியஸ் எழுந்து நின்று போனைத் தலைக்கு மேல் தூக்கிக் காட்டினார். "கேன்சர் இல்லியாம்! ரிப்போர்ட் வந்துட்ச்சி!" தினமும் அதே பெட்டியில் பெங்களூருக்கு வேலைக்குப் போகிறவர்கள் கைதட்டினார்கள். எதிரே இருந்த சரோஜா டிபன் மூடியில் இரண்டு இட்லியை வைத்து நீட்டினாள். "இத்தினி நாளா சோறு எறங்கலன்னு சீன் போட்டீங்களே அண்ணே, இந்தாங்க, துன்னுங்க."

"நீயே பாரு நிலா, உங்க கம்பெனிதானே அனுப்புது?" என்று அவர் போனைப் பக்கத்திலிருந்தவளிடம் கொடுத்தார்.

அவர் பரிசோதனை செய்த ஆய்வகத்தின் அறிக்கைகளை அனுப்பும் சர்வர் நிலா எழுதியது. மேலே அவர் பெயர், வயது. கடைசி வரியில், புற்று செல்கள் இல்லை. நடுவே யாரும் படிக்காத ஒரு வரி: மாதிரி எடுத்த இடம், கருப்பைவாய். அவருக்கு ஊசி வைத்து எடுத்தது நுரையீரலில்.

மறுபடி படித்தாள்.

டேட்டாபேஸுக்கு ஒரே இணைப்பு. அறிக்கை கேட்கும் ஆளுக்கொன்றாக, ஒரே நேரத்தில் ஓடும் பல த்ரெட்கள் அதைப் பகிர்ந்துகொண்டன. ஒன்று கேட்டுப் பதில் வாங்கும்வரை மற்றவற்றைக் காக்கவைக்க ஒரு பூட்டு இருந்தது. அறிக்கைகள் தாமதம் என்று புகார் வரவே, வெள்ளிக்கிழமை இதே ரயிலில் அந்தப் பூட்டை எடுத்துவிட்டாள். ஒவ்வொரு த்ரெட்டுக்கும் ஒரு தனி இணைப்பு தந்திருக்க வேண்டும். பிறகு செய்யலாம் என்றிருந்தாள். சோதித்ததும் ரயிலில்தான். சிக்னல் விட்டுவிட்டு வரும் பாதையில் அவளுடைய கேள்விகள் ஒவ்வொன்றாகவே போய்ச்சேர்ந்தன; எதுவும் மோதவில்லை. இன்று காலை நோயாளிகள் எல்லோரும் ஒன்றாகக் கேட்டிருக்கிறார்கள். ஒருவருக்கு வந்த பதிலை இன்னொருவரின் த்ரெட் வாங்கிக்கொண்டிருக்கிறது. எங்கோ ஒரு பெண் இவருடைய முடிவைப் படித்துக்கொண்டிருப்பாள்.

தன் போனில் அலுவலகத்தை அழைத்தாள். உடன் வேலை செய்யும் பவ்யா எடுத்தாள்.

"சர்வர நிறுத்து. இப்பவே."

"யாக்கே, எதுக்கு? இன்னிக்கி சூப்பர் ஃபாஸ்டா ஓடுது!"

"நிறுத்துடி. ரிப்போர்ட் ஆள் மாறிப் போவுது." குரலைத் தாழ்த்தினாள். "கொர்னேலியஸ்னு ஒருத்தரு. டேட்டாபேஸ்ல இன்னா இருக்குன்னு நேரா பாரு."

விசைகளின் சத்தம் கேட்டது.

"நிலா," என்றாள் பவ்யா மெதுவாக, "உனக்குத் தெரிஞ்சவரா?"

"இன்னாம்மா, பேயறஞ்ச மாதிரி கீறே?" கொர்னேலியஸ் வாய் நிறைய இட்லியோடு கை நீட்டினார். "குடு, வூட்ல சொல்லணும்."

"அங்கிள்…"

அதற்குள் அவர் போன் அவள் கையில் அதிரத் தொடங்கியது. திரையில் வந்த படத்தில் அவர் மனைவி மரியகுழந்தை, புதுப்புடவையில், தலை கொள்ளாத பூவோடு சிரித்துக்கொண்டிருந்தாள்.