இரகசியத்துக்குப் பொன்னாடை

“பெயர் வெளியில போகாது, டீச்சர். நான் பொறுப்பு” என்று சார்ஜன்ட் நௌபர் எங்கள் வீட்டுக் கதிரையில் இருந்துகொண்டு சொன்னார். உம்மா கொடுத்த தேத்தண்ணீரைக் குடித்துவிட்டு இன்னொரு கோப்பையும் கேட்டார்.

நம்பிச் சொன்னேன். நான் வீட்டில் விஞ்ஞான டியூஷன் எடுக்கிறேன். பிள்ளைகளில் ஒருத்தி, தன் தம்பியின் சட்டைப்பையில் கிடந்ததென்று சின்னப் பொலித்தீன் பை ஒன்றைக் கொண்டுவந்து, “டீச்சர், இது என்ன உப்பு?” என்று கேட்டாள். உப்பில்லை, ஐஸ் என்கிற போதைவஸ்து. தம்பி எட்டாம் ஆண்டு படிக்கிறான். ஸெய்னுதீன் முதலாளியின் வலைக்கடையில் வாங்கியதாக அவளிடம் அவனே ஒப்புக்கொண்டிருக்கிறான். முதலாளியின் பெயரையும் சொல்லி, பையையும் நௌபரிடம் கொடுத்தேன்.

அடுத்த வாரம் பாடசாலை மண்டபத்தில் ‘மக்களோடு பொலிஸ்’ கூட்டம் நடந்தது. வீட்டுக்கு ஒருவராவது வரவேண்டும் என்று பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் அறிவித்திருந்தார்கள். உம்மாவும் நானும் கடைசி வரிசையில் இருந்தோம். பொலிஸ் பொறுப்பதிகாரி சிங்களத்தில் பேச, நௌபர் தமிழில் சொன்னார். முதலில் சிவில் பாதுகாப்புக் குழுவுக்குப் புதிய தலைவரை அறிவித்தார்கள். ஸெய்னுதீன் முதலாளி எழுந்து ஸலாம் சொன்னார்.

பிறகு நௌபர் மைக்கைத் தட்டிப் பார்த்தார்.

“போதைவஸ்தைப் பற்றித் தைரியமாத் தகவல் தந்த எங்கட சகோதரி, இன்ஷிரா டீச்சர், மேடைக்கு வாங்க!”

உம்மா என் கையை இறுக்கிப் பிடித்தார். முன்னால் இருந்த சனூஸா மாமி திரும்பி, “நீயாடி?” என்றார். அதற்குள் பெண் பொலிஸ் ஒருவர் வந்து என்னைத் தோளில் தொட்டு எழுப்பினார்.

பொன்னாடை போர்த்தக் குழுத் தலைவரை அழைத்தார்கள். ஸெய்னுதீன் முதலாளி அதை என் தோளில் விரித்து, ஓரத்தை இழுத்துச் சரிசெய்தார். அவருடைய விரல்கள் என் கழுத்தில் பட்டன. மூச்சில் ஏலக்காய் மணந்தது.

“எங்களுக்குள்ள சொல்லியிருந்தா முடிஞ்சிருக்குமே, மகள்” என்றார் மெதுவாக. “கமராவைப் பாருங்க.”

படம் சரியாக வரவில்லை என்று இன்னொரு தடவை எடுத்தார்கள்.

“சிரிங்க டீச்சர், இது மையத்து வீடா?” என்றார் நௌபர். மண்டபம் சிரித்தது.

“பெயர் வெளியில போகாதெண்டு சொன்னனீங்க.”

“ஊர் மதிக்கிற விஷயத்தை ஏன் ஒளிக்க?”

“இனி நான் வீட்ட எப்படிப் போறது?”

“அதுக்கென்ன, நான் கொண்டுபோய் விடுறன். வேன் வெளியிலதான் நிக்குது” என்றார் முதலாளி. நௌபர் அதைச் சிங்களத்தில் சொல்ல, பொறுப்பதிகாரி மகிழ்ந்து முதலாளியின் முதுகில் தட்டினார்.

நௌபர் மைக்கை என் வாயருகே கொண்டுவந்தார். “ரெண்டு வார்த்தை சொல்லுங்க.”

சபையில் பேசி எனக்குப் பழக்கமில்லை. ஆனால் பெயர் வெளியில் போய்விட்டது, இனி மறைப்பதற்கு எதுவும் இல்லை.

“நான் சொன்னது இவரைத்தான். ஐஸ் இவருடைய கடையிலதான் விக்கிறாங்க.”

ஒலிபெருக்கி அதைக் கடைசி வரிசை வரை கொண்டுபோனது. நான் என்ன சொன்னேன் என்று பொறுப்பதிகாரி நௌபரிடம் விசாரித்தார். நௌபர் சிரித்துக்கொண்டே நீளமாக ஏதோ சொன்னார். அதில் ஒரு சொல்தான் எனக்கு விளங்கியது. ஸ்துதி. நன்றி.

பொறுப்பதிகாரி கைதட்டினார். அவர் தட்டியதால் முன்வரிசை தட்டியது. பிறகு மண்டபமே தட்டியது. நான் சொன்ன தமிழ் விளங்கிய அத்தனை பேரும் தட்டினார்கள். சனூஸா மாமி என்னைப் பார்க்காமல் தட்டினார். எல்லோரும் ஓய்ந்த பிறகும் ஸெய்னுதீன் முதலாளி தட்டிக்கொண்டிருந்தார்.

உம்மாவும் நானும் நடந்தே வந்தோம். துறைமுகப் பக்கமிருந்து மீன்கழிவு நாறியது. முதலாளியின் வேன் எங்களுக்குப் பின்னால் நடை வேகத்தில் வந்தது. ஹோர்ன் அடிக்கவில்லை.

“திரும்பிப் பாராத” என்றார் உம்மா.

எங்கள் வீட்டு வாசல் படலை வரைக்கும் அது எங்களை முந்தவில்லை.