அலமாரிக்குப் பின்னால்

ஜூன் மாதம் தொடங்கிய நாற்றம் ஆகஸ்டில் கிளெனிஸின் தலையணை வரைக்கும் வந்துவிட்டது.

"சுண்ணாம்பு காயற வாசனை," என்றான் அவள் கணவன் நெவில்.

"பூசி நாலு மாசம் ஆச்சு, இன்னுமா காயுது?"

"இங்க ஆகஸ்ட்னா குளிர்காலம்ல. உனக்கு எப்பவுமே மூக்கு கொஞ்சம் அதிகம்."

முதியோர் இல்லத்தில் முப்பது வருடம் புண்ணுக்குக் கட்டு மாற்றியவள் அவள். கட்டைப் பிரிக்காமலே உள்ளே என்ன இருக்கிறது என்று சொல்லிவிடுவாள். ஆனாலும் வாயை மூடிக்கொண்டாள். காசில்மெயின் ஊருக்கு வெளியே பத்து ஏக்கரில், இரண்டு வருடம் கேரவன் வண்டிக்குள் கிடந்து, இருவருமாகக் கட்டிய வீடு. முந்நூறு வைக்கோல் கட்டுகளைச் சுவராக அடுக்கி, கம்பி இறுக்கி, மூன்று பூச்சு சுண்ணாம்பு பூசியதில் அவள் விரல்களில் ரேகையே தேய்ந்துபோயிருந்தது. அப்படிப்பட்ட வீட்டைச் சந்தேகப்பட யாருக்குத்தான் மனசு வரும்?

ஞாயிற்றுக்கிழமை வீடு பார்க்க ஆட்கள் வருவதாக இருந்தது. இதேபோல் சொந்தமாக வீடு கட்ட நினைப்பவர்கள், ஒன்பது பேர். பள்ளியில் பூகோளம் நடத்தி ஓய்வு பெற்ற நெவில், பேச்சுக்குக் குறிப்பெல்லாம் எழுதி வைத்திருந்தான். சனிக்கிழமை அவன் பிஸ்கட் வாங்க ஊருக்குள் போன நேரத்தில், கிளெனிஸ் கட்டிலில் தன் தலைமாட்டுப் பக்கம் இருந்த அலமாரியை இழுத்து நகர்த்தினாள்.

சுவரில் தேநீர் கொட்டியதுபோல ஒரு கறை. ஸ்க்ரூடிரைவரை வைத்து அழுத்தினாள். அது கஞ்சிக்குள் போவதுபோலப் போயிற்று. கைக்கோடாரியை எடுத்து வந்து கொத்தினாள். பூச்சு ஒரு தட்டு அகலத்துக்குப் பெயர்ந்து விழுந்தது. உள்ளே இருந்தது வைக்கோல் இல்லை. கறுத்து, பிசுபிசுத்து, கையில் எடுத்தால் கயிறாக நீளும் ஏதோ ஒன்று. அதன்மேல் வெள்ளைப் பூஞ்சை முடி முடியாக நின்றது. இன்னும் உள்ளே விட்ட கையில், செத்து ஊதிப்போன எலிக்குஞ்சுகள் நாலைந்து, ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு வந்தன.

குளியலறைக்கு ஓடினாள். மூன்று முறை சோப்புப் போட்டும் நகக்கண்ணில் அது இருந்தது.

நெவில் பிஸ்கட் பையோடு வாசலிலேயே நின்றுவிட்டான். அவன் அதிர்ச்சி அடையவில்லை என்பதை அவள் பார்த்தாள்.

"உனக்குத் தெரியும்," என்றாள்.

"பிப்ரவரி புயல்ல... நீ உன் அக்கா வீட்டுக்குப் போயிருந்தியே. தார்ப்பாய் பறந்துடுச்சு. ஒரு இருபது கட்டுதான் நனைஞ்சுது. காஞ்சுடும்னு நெனச்சேன்."

"காஞ்சுதான்னு பாத்தியா?"

அவன் பையைக் கை மாற்றிக்கொண்டான்.

"வேற எங்கயும் வைக்காம இங்க ஏன் வச்ச?"

"இங்கதானே அலமாரி வரும். வெளிய தெரியாதுன்னு..."

ஈர வைக்கோலை எங்கே ஒளிக்கலாம் என்று யோசித்து, அவள் தலைமாட்டைத் தேர்ந்தெடுத்திருக்கிறான். அங்கேதான் அவளோடு நான்கு மாதம் படுத்திருக்கிறான். மூக்கு அதிகம் என்று அவளையே சொல்லியிருக்கிறான். எலிகளைவிட இதுதான் அவளுக்கு அருவருப்பாக இருந்தது.

"நாளைக்கு மட்டும் ஒரு போர்வை தொங்கவிட்டுக்கலாம், கிளென். வர்றவங்க போனதும் பாத்துக்கலாம்."

"இன்னொரு தடவ சொல்லு."

அவன் பிஸ்கட்டை டப்பாவில் கொட்டப் போய்விட்டான்.

மறுநாள் ஒன்பது பேரும் வந்தார்கள். கூடத்துச் சுவரில், உள்ளே இருக்கும் வைக்கோல் தெரியட்டும் என்று சின்னதாகக் கண்ணாடி பதித்திருந்தார்கள். அதற்குள் வைக்கோல் பொன்னாக மின்னியது. எல்லாரும் அதைப் படம் எடுத்தார்கள். நெவில் தொண்டையைக் கனைத்துக்கொண்டு ஈரப்பதம் பற்றிப் பேச ஆரம்பித்தான். பதினைந்து சதவீதத்துக்கு மேல் போனால் கட்டைத் திருப்பி அனுப்பிவிட வேண்டுமாம். குரல்கூட நடுங்கவில்லை. கிளெனிஸுக்கு அதைக் கேட்டுக்கொண்டு நிற்க முடியவில்லை.

"இப்படி வாங்க," என்று எல்லாரையும் படுக்கையறைக்கு அழைத்துப் போனாள்.

ஒரு பெண் கைக்குட்டையால் மூக்கைப் பொத்தினாள். ஒருவன் வெளியே போய்விட்டான்.

"இவர்தான் வச்சார். நனைஞ்சதுன்னு தெரிஞ்சே வச்சார்," என்றாள் கிளெனிஸ். "பக்கத்துல வந்து பாருங்க. நீங்க கட்டும்போது ஞாபகம் இருக்கட்டும்."

தாடிக்காரர் ஒருவர் குனிந்து பார்த்தார். "இதுல காளான் வளக்கலாம் போலிருக்கே," என்று சிரித்தார். நெவிலும் சேர்ந்து சிரித்தான். நன்றியோடு சிரித்தான்.

அந்தச் சிரிப்போடு எல்லாம் முடிந்தது. அன்று மாலையே கிளெனிஸ் அவன் பெட்டியைத் தூக்கிக் காருக்குள் வைத்துவிட்டு, "உன் தம்பி வீட்டுக்குப் போ," என்றாள்.

சுவரைப் பிரிக்கப் பதினோரு நாள் ஆயிற்று. முகமூடிக்கு மேல் இன்னொரு முகமூடி போட்டுக்கொண்டு, முள்வாரியால் வாரி வாரி வெளியே எறிந்தாள். மழைக்குத் தகரம் அடித்து மறைத்துவிட்டு, கேரவனிலேயே படுத்தாள். டிசம்பரில் கோதுமை அறுத்ததும், முன்பு வைக்கோல் விற்ற பண்ணைக்காரி டெல்மாவே, டிராக்டரில் இருபத்திரண்டு கட்டு கொண்டுவந்து இறக்கினாள். கிளெனிஸ் ஒவ்வொன்றிலும் ஈரமானியைக் குத்திப் பார்த்தாள்.

"என் மேலயே சந்தேகமா?" என்றாள் டெல்மா.

"யாரா இருந்தாலும்தான்."

டெல்மா கோபித்துக்கொள்ளவில்லை. கட்டை ஒரு பக்கம் பிடித்துத் தூக்கிக் கொடுத்தாள்.

பிப்ரவரியில் நெவில் வந்தான். இளைத்திருந்தான். புதுச் சுவரை வெளியே நின்று பார்த்து, "நல்லா நேரா வந்திருக்கு," என்றான். பிறகு, "உள்ள பாக்கலாமா?" என்று கேட்டான்.

"டீ போடறேன். இங்கயே உக்காரு," என்றாள் கிளெனிஸ்.

வெயிலில் நாற்காலி போட்டாள். அவன் குடித்து முடிக்கும்வரை பக்கத்தில் நின்றிருந்தாள். கோப்பையை உள்ளே கொண்டுபோய் இரண்டு முறை கழுவினாள்.