முகம் பாராத ஆட்டம்

மூன்று படங்களில் மூன்றாவதைத்தான் கற்றுக்கொள்வேன் என்று என் மனைவி புஷ்பம் சொன்னபோது எனக்குக் கோபம்தான் வந்தது. எனக்குக் கோபம் வரப் பெரிய காரணம் எதுவும் வேண்டியதில்லை. ஆனால் அன்றைக்கு நியாயம் என் பக்கம் இருந்தது. அந்த ஆட்டங்களை நேரில் பார்த்தவன் நான். அவளோ ஒரு பழைய இங்கிலீஷ் பத்திரிகையின் கிழிந்த பக்கத்தில் பார்த்தவள்.

1946-ஆம் வருஷம் அது. பெரம்பலூர் டிராவலர்ஸ் பங்களாவில் நான் சமையல்காரன், காவல்காரன் இரண்டுமாக இருந்தேன். பங்களாவுக்குப் பின்னால் இருந்த ஓட்டு வீடு எங்களுக்கு. தங்க வருகிற துரைமார் விட்டுப்போகும் பத்திரிகைகளை அலமாரித் தட்டுகளில் விரிப்பது வழக்கம். அப்படி விரிக்கப்போன ஒன்றில், புதிதாகப் பழகுகிறவர் முதலில் எந்த ஆட்டத்தைப் பழகுவது என்று தலைப்புப் போட்டு மூன்று ஜோடிகளின் படம் இருந்தது. குவிக்ஸ்டெப், ஃபாக்ஸ்ட்ராட், வால்ட்ஸ், மூன்றும் வெள்ளைக்காரர்கள் ஜோடியாக ஆடுகிற ஆட்டங்கள்.

பட்டாளத்தில் நாலு வருஷம் இருந்தேன் என்றால் எல்லாரும் துப்பாக்கியைப் பற்றிக் கேட்பார்கள். நான் தூக்கியது தட்டு. கெய்ரோவுக்குப் பக்கத்தில் ஆபீசர்களின் மெஸ்ஸில் பரிமாறுகிற வேலை. சனிக்கிழமை தவறாமல் ஆட்டம் உண்டு. ஆடுகிற கூட்டத்துக்குள் கிளாஸ் நிறைந்த தட்டோடு நுழைந்து வெளியே வர வேண்டும். அதற்கு ஒரே வழிதான் இருக்கிறது. முகத்தைப் பார்க்கக் கூடாது, காலைப் பார்க்க வேண்டும். அடுத்து எந்தக் கால் எங்கே வைக்கும் என்று தெரிந்தால் தட்டு தப்பிக்கும். அப்படி நாலு வருஷம் வெள்ளைக்காரர்களின் கால்களைப் படித்தவன் நான்.

ஃபாக்ஸ்ட்ராட் சுலபம். நடக்கத் தெரிந்தவன் ஆடிவிடலாம். வால்ட்ஸ் அப்படியில்லை. சுழன்று சுழன்று எந்தப் பக்கம் வருகிறார்கள் என்றே தெரியாது. நான் தட்டோடு விழுந்த இரண்டு தடவையும் அந்த ஆட்டத்தால்தான். இதையெல்லாம் புஷ்பத்திடம் எடுத்துச் சொன்னேன். நெஞ்சில் சத்து இல்லாதவள் சுழலலாமா என்றும் கேட்டுவிட்டேன். அவள் அந்தக் காகிதத்தை இன்னொரு தடவை பார்த்துவிட்டு, மூன்றாவதுதான் என்றாள்.

இதை அவள் பின்பக்கத்துத் தாழ்வாரத்தின் அந்தக் கோடியில் கட்டிலில் உட்கார்ந்து சொன்னாள். நான் இந்தக் கோடியில் நின்றேன். எங்களுக்குள் பேச்சு வார்த்தை எல்லாம் அந்தத் தூரத்தில்தான்.

எங்களுக்குக் கல்யாணம் நடந்தது 1942 தை மாதம், ஏலாக்குறிச்சி மாதா கோயிலில். சித்திரையில் நான் பட்டாளத்துக்குப் போய்விட்டேன். நடுவில் ஒரு லீவுகூடக் கிடைக்கவில்லை. திரும்பி வந்தபோது அவளுக்குக் காசநோய் முற்றியிருந்தது. ஊரிலிருந்து வந்த கடிதங்களில் சுகம், சுகம் என்றே எழுதியிருந்தார்கள். நான் வாசலில் பெட்டியை வைத்துவிட்டு ஓடிப்போய் அவளைத் தொடப் போனேன். அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சுவரோடு சுவராக ஒதுங்கி, அங்கேயே நில்லுங்க என்றாள். ஐந்து மாதமாக அங்கேயேதான் நின்றுகொண்டிருந்தேன்.

அவளுக்குத் தனித் தட்டு, தனி டம்ளர், துப்புவதற்குச் சாம்பல் போட்ட மண்சட்டி. கஞ்சியைத் தாழ்வாரத்தின் நடுவில் வைத்துவிட்டு நான் விலக வேண்டும். பிறகு அவள் வந்து எடுப்பாள். நான் ஒரு அடி அதிகமாக வைத்தாலும் எடுக்கமாட்டாள். ஒருநாள் எனக்கு ஆத்திரம் வந்து, எனக்கும் வந்தால் வரட்டும், இரண்டு பேரும் சேர்ந்தே போவோம் என்று கத்தினேன். அவள் அன்று முழுக்கச் சாப்பிடவில்லை. அதற்குப் பிறகு நான் அந்த வார்த்தையைச் சொன்னதில்லை, நினைத்துக்கொள்வதோடு சரி.

பொழுது போக மெஸ்ஸின் கதைகளைச் சொல்வேன். ஆட்டத்தைப் பற்றியும் அப்படித்தான் பேச்சு வந்தது. புருஷன் பெண்சாதி எல்லார் எதிரிலும் கட்டிக்கொண்டு ஆடுவார்களா என்று கேட்டாள். புருஷன் பெண்சாதியாக இருக்க வேண்டும் என்றுகூட இல்லை என்றேன். அவள் முந்தானைக்குள் வெகுநேரம் சிரித்தாள். அதைப் பார்க்கத்தான் நான் பத்திரிகைப் படத்தைத் தேடி எடுத்துத் தரையில் வைத்துவிட்டு விலகினேன். அவளே கற்றுக்கொள்ள வேண்டும் என்பாள் என்று கனவிலும் நினைக்கவில்லை.

அந்த வாரம்தான் காசநோய்க்காரர்களை வைத்துப் பார்க்கிற சானடோரியத்திலிருந்து கார்டு வந்திருந்தது. செப்டம்பர் பதினெட்டாம் தேதி படுக்கை காலியாகும், அன்று காலையில் வந்து சேர வேண்டும் என்று போட்டிருந்தது. நடுவில் பதினொரு நாள் இருந்தது.

துரைமார் யாரும் இல்லாத மத்தியானம் பார்த்துப் பங்களாவின் பெரிய கூடத்தில் நாற்காலிகளை ஓரம் தள்ளினேன். அவள் குளித்து, கல்யாணத்துக்கு எடுத்த நீலப் புடவையைக் கட்டிக்கொண்டு வந்தாள். இரண்டு சன்னல்களையும் திறக்கச் சொன்னாள். நான் கூடத்தின் நடுவில் நின்றேன். அவள் என்னை நோக்கி வந்தாள். எத்தனை அடி என்று எனக்குத் தெரியும், ஏனென்றால் ஒவ்வொரு அடியிலும் அவள் நின்றுவிடுவாளோ என்று பயந்துகொண்டிருந்தேன். அவள் வந்து என் இடது கையில் தன் வலது கையை வைத்தாள். என் மற்றக் கையை அவள் முதுகில் வைத்தேன். எலும்புதான் இருந்தது. இருந்தாலும் அது அவள் முதுகு. குனிந்து அவள் முகத்தைப் பார்த்தேன்.

சட்டென்று கையை விட்டு நாலு அடி பின்னால் போய்விட்டாள்.

"அந்தப் பக்கம் பாருங்க. படத்துல அப்படித்தானே நிக்கிறாங்க?"

ஓடிப்போய்ப் படத்தை எடுத்துவந்து பார்த்தேன். முதல் ஜோடி ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தது. இரண்டாவது ஜோடி கன்னத்தோடு கன்னம் வைத்திருந்தது. மூன்றாவது ஜோடியில் அவன் ஒரு பக்கம் பார்க்கிறான், அவள் தலையை நன்றாகத் திருப்பி அவன் தோளுக்கு மேலே வேறு பக்கம் பார்க்கிறாள். நாலு வருஷம் காலையே பார்த்த எனக்கு, ஆடுகிறவர்களின் முகம் எங்கே இருக்கும் என்பது தெரியவில்லை. புஷ்பம் காலைப் பார்க்கவே இல்லை. மூச்சு எந்தப் பக்கம் போகும் என்பதை மட்டும் பார்த்திருக்கிறாள்.

"இதுல என் மூச்சு உங்க மேல படாதுங்க. அதான் இத எடுத்தேன். உங்களத் தொட எனக்கு மட்டும் ஆச இருக்காதா?"

நான் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். ஆண்பிள்ளை அழுவதை அவள் பார்க்க வேண்டாம் என்று.

அதற்குப் பிறகு நாங்கள் ஒழுங்காகக் கற்றோம். நான் இடது காலை முன்னால் வைத்தால் அவள் வலது காலைப் பின்னால் வைக்க வேண்டும், பக்கத்தில் ஒன்று, சேர்த்து ஒன்று. நான் எண்ணுவேன். அவள் வாயைத் திறக்கமாட்டாள், மூச்சையே எண்ணி எண்ணி விடுகிறவள். என் கால் தடுக்கியபோது தரை மேடும் பள்ளமுமாக இருக்கிறது என்று முணுமுணுத்தேன். அவள் ஆட்டத்தை நிறுத்தி, தள்ளிப்போய் நின்று, முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு, "ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்" என்றாள். அதைச் சொல்வதற்காக நாலு அடி நடந்து போனாள், நாலு அடி திரும்பி வந்தாள். எனக்குக் கோபமும் வந்தது, சிரிப்பும் வந்தது.

ஒரு தடவைக்குப் பத்து நிமிஷம் தாங்குவாள். சில நாள் அதுவும் முடியாது. இரண்டு நாள் சப்-கலெக்டர் வந்து தங்கிவிட்டார். அவருக்குக் கோழி வறுத்துக்கொண்டே அவரைச் சபித்தேன்.

பங்களாவைப் பெருக்க வருகிற காத்தாயி ஒருநாள் சன்னல் வழியாக எங்களைப் பார்த்துவிட்டாள். நான் ஒன்று, இரண்டு, மூன்று என்று அதட்டுவதும், புஷ்பம் பேசாமல் தலையைத் திருப்பிக்கொண்டு பின்னால் பின்னால் போவதும் கண்ணில் பட்டிருக்கிறது. பேய் ஓட்டுகிறேன் என்று முடிவு கட்டிவிட்டாள். மறுநாள் மாரியம்மன் கோயில் வேப்பிலை ஒரு கட்டைக் கொண்டுவந்து என்னிடம் கொடுத்து, வெறுங்கையால் ஓட்டினால் போகாது அய்யா என்றாள். நான் திட்டுவதற்கு வாயெடுத்தேன். புஷ்பம் அதை வாங்கி வைக்கச் சொன்னாள். யார் கொடுத்தாலும் நல்ல மனசோடு கொடுத்தது என்றாள்.

பதினாறாம் தேதிதான் கடைசி. மறுநாள் கிளம்ப வேண்டும். அன்று ஒரு தடுக்கல் இல்லை. என்னவோ அவள் கால் என் காலுக்கு முன்னமே தெரிந்துகொண்டது. கூடத்தை ஒரு சுற்று முழுக்கச் சுற்றினோம். நான் எண்ணுவதைக்கூட நிறுத்திவிட்டேன். அவள் தலைமுடியில் தேங்காயெண்ணெய் வாசனை, என் தோளில் அவள் கை. கல்யாணமான மூன்று மாதம் எப்படி இருந்ததோ அப்படி இருந்தது. இன்னொரு சுற்று சுற்றியிருக்கலாம். அவள் களைக்கவில்லை.

நான் பாவி, முகத்தைத் திருப்பினேன். அவளைப் பார்க்க வேண்டும் என்று ஒரே வெறி. பார்த்ததோடு விட்டேனா, குனிந்து அவள் வாயில் முத்தம் வைக்கப் போனேன். அவள் அப்போதுதான் மூச்சு விட இருந்தாள் போலிருக்கிறது. மூச்சை அப்படியே அடக்கிக்கொண்டு, இரண்டு கையாலும் என் மார்பில் தள்ளினாள். தள்ளிவிட்டுச் சன்னலுக்கு ஓடி, கம்பியைப் பிடித்துக்கொண்டு இருமினாள். வெகுநேரம் இருமினாள். கம்பியில் ரத்தம் தெறித்தது. நான் கிட்டே போனேன். கையை நீட்டி, வேண்டாம் என்று ஆட்டினாள்.

அதற்குப் பிறகு அவள் என்னைத் தொட விடவில்லை. கோபமில்லை என்றாள். ஆனால் உங்களை நம்ப முடியாது என்றாள். அது உண்மைதான், என்னை நம்ப முடியாது.

மறுநாள் அரியலூருக்குப் பஸ். யுத்தம் முடிந்தும் கரி வாயுவில் ஓடிய வண்டி, உள்ளே புகை. அவள் கடைசி ஆசனத்தில் சன்னலோரம், நான் டிரைவருக்குப் பின்னால். ஸ்டேஷனில் பெட்டியைப் பிளாட்பாரத்தில் நடுவில் வைத்துவிட்டு விலகினேன், அவள் வந்து அதன் பக்கத்தில் நின்றாள். ரயிலிலும் அப்படியே, ஆளுக்கொரு கோடியில். விடிந்து சானடோரியம் போய்ச் சேர்ந்தோம். வாசலில் நர்ஸ் அவளை உள்ளே அழைத்துப்போகும் முன் அவள் திரும்பி நின்று ஒன்றே ஒன்று சொன்னாள்.

"திருச்சி போயி நெஞ்ச படம் எடுத்துப் பாருங்க. அன்னிக்கி உங்க மேல பட்டுடுச்சோன்னு எனக்குத் தூக்கமே இல்ல. பாத்துட்டு எழுதுங்க."

வாரம் ஒரு கடிதம் வந்தது. எல்லாவற்றிலும் அதே கேள்வி. படம் எடுத்தீர்களா, டாக்டர் என்ன சொன்னார். நான் பங்களாவில் கூட்டம், லீவு இல்லை என்று பதில் எழுதினேன். பொய். நான் வேண்டுமென்றுதான் போகவில்லை. எனக்கு வந்திருக்கும் என்று நம்பினேன். வந்திருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன். நோய் வந்துவிட்டால் அவள் என்னை எதற்கு ஒதுக்க வேண்டும்? அதே சானடோரியத்தில் எனக்கும் ஒரு படுக்கை கிடைக்கும். ராத்திரி இருமல் வந்தால் சந்தோஷமாக இருந்தது. இதை அவளுக்கு எழுத முடியுமா? ஒரு வார்த்தை, எனக்கு ஒன்றுமில்லை என்று பொய்யாகவாவது எழுதியிருந்தால் அவள் நிம்மதியாகத் தூங்கியிருப்பாள். அந்தப் பொய் மட்டும் எனக்கு வரவில்லை.

டிசம்பரில் தந்தி வந்தது. நான் போய்ச் சேர்வதற்குள் அடக்கம் செய்துவிட்டார்கள். அந்த நோயில் செத்தவர்களை வைத்திருக்கக் கூடாதாம். கடைசி வரைக்கும் தபால்காரன் வந்தானா என்று கேட்டுக்கொண்டிருந்தாள் என்று அந்த நர்ஸ் சொன்னாள். புருஷனுக்கு நெஞ்சு எப்படி இருக்கிறது என்று தெரிந்துகொண்டு சாக வேண்டும் என்றாளாம்.

தை பிறந்து நான் திருச்சிக்குப் போனேன். நம்பிக்கையோடுதான் போனேன். சட்டையைக் கழற்றச் சொல்லிப் படம் எடுத்தார்கள். சளியைக் குப்பியில் வாங்கிக்கொண்டார்கள். நாலு நாள் கழித்து வரச் சொன்னார்கள். நாலு நாளும் அங்கே மாதா கோயிலில் உட்கார்ந்து, எந்தக் கிறிஸ்தவனும் கேட்கக் கூடாததை மாதாவிடம் கேட்டேன்.

டாக்டர் படத்தை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். சந்தோஷமாகச் சொன்னார். ஒரு புள்ளிகூட இல்லை, அப்படி ஒரு நோயாளியோடு ஒரே வீட்டில் இருந்தவனுக்கு இவ்வளவு சுத்தமான நெஞ்சை நான் பார்த்ததில்லை, உன் சம்சாரம் உன்னைப் பக்கத்திலேயே விடவில்லையா என்று கேட்டார்.

விட்டாள் என்றேன். பத்துப் பத்து நிமிஷமாக, எட்டு நாள்.

நான் அழுததை அவர் சந்தோஷம் என்று எடுத்துக்கொண்டு, முதுகில் தட்டிக்கொடுத்துவிட்டு, அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.