பின்னறையோடு பேசியவர்

அம்மா அந்தக் கூட்டத்துக்கு வர ஒப்புக்கொண்டதே பெரிய விஷயம். நீர்மூழ்கிக் கப்பலில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர்கள் வருடத்துக்கு ஒருமுறை துறைமுகத்தின் பக்கம் ஒரு மாடி அறையில் கூடுவார்கள். அந்த வருடம் இறந்துபோன தோழர்களைப் பற்றி நாலு வார்த்தை பேசி, மணியடித்துவிட்டுக் கலைவார்கள். அப்பா ஒரு வருடம்கூடத் தவறியதில்லை. அன்று காலையில் சட்டையைத் தானே இஸ்திரி போட்டுக்கொண்டு கிளம்புவார். சாயங்காலம் வந்து சுவரைப் பார்த்துப் படுத்துக்கொள்வார். கூட்டம் எப்படி இருந்தது என்று கேட்டால் 'ம்' என்பார். குடித்துவிட்டு வந்தாலாவது நாலு வார்த்தை வரும் என்று அம்மா என்னிடம் முணுமுணுப்பாள்.

அப்பா பேசாதவர். கோபக்காரர் இல்லை, யாரையும் கடிந்துகொண்டதில்லை. பேச்சு மட்டும் கிடையாது. வீட்டில் போன் அடித்தால், பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாலும் எடுக்க மாட்டார். அம்மா ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு சமையலறையிலிருந்து ஓடிவருவாள். என் கல்யாணத்தன்று மாப்பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் நின்றார். ஏதோ சொல்லப்போகிறார் என்று எல்லோரும் காத்திருந்தோம். கையை விட்டுவிட்டுச் சாப்பிடப் போய்விட்டார். நான் மருந்துக்கடை வைத்திருக்கிறேன். காலையிலிருந்து இரவுவரை வாய் ஓயாத தொழில். இது யாரைக் கொண்டு பிறந்ததோ என்று அம்மா வியந்துபோவாள்.

அந்த நீர்மூழ்கியோடு அம்மாவுக்கு இன்னொரு உறவும் உண்டு. அவளுடைய அண்ணன், நான் பார்த்தேயிராத என் மாமா, அதே கப்பலில் வேலை பார்த்தவர். இயந்திர அறையில் தீப்பிடித்தபோது, அதற்கும் அப்பால் இருந்த பின்னறையில் வேறு இருவரோடு இறந்துபோனார். ஒரு நொடியில் முடிந்துவிட்டது, வலியே தெரிந்திருக்காது என்று அதிகாரிகள் வீட்டுக்கு வந்து சொன்னார்கள். மாமாவின் தகரப்பெட்டியைக் கொண்டுவந்து கொடுத்தவர்தான் அப்பா. அதற்குப் பிறகும் சில தடவை வந்தார். வந்து உட்காருவார், தண்ணீர் குடிப்பார், ஒன்றும் சொல்லாமல் எழுந்து போவார். தன்னைப் பார்க்கத்தான் வருகிறார் என்று அம்மா நினைத்தாள். தாத்தாவும் அப்படியே நினைத்து, ஒருநாள் நேராகவே கேட்டுவிட்டார். அப்பா தலையாட்டினார். கல்யாணம் நடந்தது.

அப்பா போன மாசியில் தூக்கத்திலேயே போய்விட்டார். சங்கத்துச் செயலாளர் போன் செய்து, குடும்பத்திலிருந்து யாராவது வந்து அவருக்காக மணியடிக்க வேண்டும் என்றார். அம்மா முதலில் முடியாது என்றாள். பிறகு, அண்ணனுக்காகவும் அங்கே வருடா வருடம் அடிக்கிறார்கள் என்று தெரிந்ததும் புடவையை எடுத்து வைத்தாள்.

மாடியறை சின்னதுதான். பிளாஸ்டிக் நாற்காலிகள், கிறீச்சிடும் மின்விசிறி, ஓர் ஓரமாக மேசைமேல் டீ குடுவையும் பிஸ்கட் தட்டும். உடைத்து இரும்புக்குப் போட்டுவிட்ட அந்தக் கப்பலின் வெண்கல மணியை மட்டும் காப்பாற்றி மரச்சட்டத்தில் தொங்கவிட்டிருந்தார்கள். இருபது முப்பது கிழவர்கள். அவர்கள் அதைக் கப்பல் என்றே சொல்லவில்லை. படகு என்றார்கள்.

எங்களைப் பார்த்ததும் கூட்டமே சூழ்ந்துகொண்டது. "ரேடியோவோட சம்சாரமா?" என்று ஒருவர் கேட்டார். அம்மா இல்லை என்று சொல்லிவிட்டாள். ஆள் மாறிவிட்டது என்று நானும் நினைத்து, கைபேசியில் இருந்த அப்பாவின் படத்தைக் காட்டினேன். "இவன்தான்மா ரேடியோ. நிறுத்தவே முடியாது" என்று அவர் சிரித்தார். ஒவ்வொருவராக ஆரம்பித்தார்கள். அப்பா கேப்டனைப் போலவே பேசி, சமையற்காரரை நடுராத்திரியில் எழுப்பி ரொட்டி சுடவைத்தாராம். தண்ணீருக்கடியில் வாரக்கணக்கில் வெளிச்சம் காணாமல் எல்லோரும் எரிந்துவிழும்போது, கிரிக்கெட் வர்ணனை மாதிரி ஒருவர் பல் தேய்ப்பதை வர்ணிப்பாராம். போன வருடம் இதே அறையில் இவர் பேச ஆரம்பித்து, டீ ஆறி, அதை மறுபடியும் சூடாக்க வேண்டியிருந்ததாம்.

போன வருடம். அம்மா என் கையைப் பிடித்தாள்.

கூட்டம் தொடங்கியது. அந்த வருடம் இறந்தவர்கள் நாலு பேர். சமையற்காரரைப் பற்றி ஒருவர் பேசினார்: பீரோ அளவு அறையில் நின்றுகொண்டு எழுபது பேருக்குச் சமைத்தவர், ஓய்வுபெற்ற பிறகு பெரிய சமையலறை கட்டிக்கொண்டு, அதிலும் ஒரு மூலையில் ஒடுங்கித்தான் நிற்பாராம். எல்லோரும் சிரித்தார்கள். அடுத்து அப்பாவைப் பற்றிப் பேச ஓர் ஆள் எழுந்தார். நிமிர்ந்தால் மின்விசிறியில் தலை இடிக்கும் உயரம். அதனாலேயே அவருக்குப் படகில் 'குள்ளன்' என்று பெயராம். அப்பாவின் கீழ் தொழில் கற்றுக்கொண்டவர்.

அவரும் வேடிக்கையாகத்தான் ஆரம்பித்தார். நடுவில் குரல் தணிந்தது.

"நம்ம எல்லாரையும் சிரிக்க வச்சது பெருசில்ல. அன்னைக்குப் பின்னறையில மாட்டிக்கிட்ட மூணு பேரோட, கடைசி மூச்சு வரைக்கும் போன்ல பேசிக்கிட்டே இருந்தார் பாருங்க. அந்த வாய் வேற யாருக்கும் வராது."

கிழவர்கள் தலையாட்டினார்கள். அவர்களுக்கு அது தெரிந்த கதை. அம்மா எழுந்து நின்றாள். எழுந்ததே அவளுக்குத் தெரிந்திருக்காது என்று நினைக்கிறேன்.

"எங்கண்ணன் ஒரு நொடியில போயிட்டான்னுதானே சொன்னாங்க?"

குள்ளன் செயலாளரைப் பார்த்தார், செயலாளர் தரையைப் பார்த்தார். அம்மா யாரென்று, யாருடைய தங்கை என்று, குள்ளனுக்கு அப்போதுதான் உறைத்தது. மனைவிக்குத் தெரியாமலா இருக்கும் என்று நினைத்துத்தான் அவர் பேசியிருந்தார். செயலாளர் மெதுவாக, மணியடிக்கலாம் என்று எதையோ சொல்லிச் சமாளிக்கப் பார்த்தார். அம்மா உட்காரவில்லை. கடைசியில் குள்ளனே அருகில் வந்து, எங்களைப் பக்கத்து அறைக்குக் கூட்டிப்போனார். பழைய நாற்காலிகளை அடுக்கிவைத்திருந்த அறை. இரண்டை எடுத்துத் தூசி தட்டிப் போட்டார். தான் உட்காரவில்லை.

அவர் சொன்னது இதுதான். தீ இவர்களுக்கும் பின்னறைக்கும் நடுவில் இருந்தது. கதவைத் திறந்தால் படகில் இருக்கிற அத்தனை பேரும் போய்ச்சேர வேண்டியதுதான். படகை நீர்மட்டத்துக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். ஆனால் அலை மேல்தளத்தையே விழுங்கிக்கொண்டிருந்தது, பின்னறைக்கு மேலே இருந்த மூடி சூட்டில் இறுகிப்போயிருந்தது. உள்ளே இருந்த மூவரும் உயிரோடு, அடிபடாமல் இருந்தார்கள். காற்றுதான் குறைந்துகொண்டே வந்தது. படகுக்குள் அறைக்கு அறை பேசிக்கொள்ளும் போன் மட்டும் வேலை செய்தது; அதில் வரும் குரல் பக்கத்தில் நிற்பவருக்கும் கேட்கும். அவர்களோடு யாராவது பேசிக்கொண்டே இருக்க வேண்டும் என்று நினைத்த கேப்டன், சுற்றிலும் பார்த்துவிட்டு அப்பாவின் கையில் போனைக் கொடுத்தார்.

"எவ்வளவு நேரம்?" என்று அம்மா கேட்டாள்.

மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னால் தொடங்கி, பொழுது சாயும் வரைக்கும் என்றார் குள்ளன். அப்பா தனக்குத் தெரிந்த கதையெல்லாம் சொன்னாராம். கேப்டன் பக்கத்திலேயே நிற்கிறார் என்றுகூடப் பார்க்காமல் அவரைப் போலவே பேசிக்காட்டினாராம். கேப்டன் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாராம். உதவிக் கப்பல் வந்துகொண்டிருக்கிறது, விளக்கு தெரிகிறது, இதோ பக்கத்தில் வந்துவிட்டது என்று அப்பா சொல்லிக்கொண்டே இருந்தாராம்.

"ஒரு விளக்கும் தெரியல அண்ணி. நான் அவர் பக்கத்துலயேதான் நின்னேன். அந்தப் பக்கம் சத்தம் நின்னப்புறமும் அவர் நிறுத்தல. பேசிக்கிட்டே இருந்தார். நாங்கதான் கையிலேருந்து போனைப் பிடுங்கினோம்."

வீட்டில் அடித்துக்கொண்டே இருந்த போனும், அதைப் பார்த்தபடி அசையாமல் உட்கார்ந்திருந்த அப்பாவும் கண்முன் வந்தார்கள். அவரைச் சோம்பேறி என்று நான் கேலி செய்திருக்கிறேன்.

குடும்பங்களிடம் உண்மையைச் சொல்ல வேண்டாம், ஒரு நொடியில் முடிந்தது என்றே சொல்லுங்கள் என்று கேப்டன் எல்லோரிடமும் கேட்டுக்கொண்டாராம். இரக்கத்தில் சொன்னதுதான் என்றார் குள்ளன்.

அம்மா என் முகத்தைப் பார்க்காமல் கேட்டாள்.

"என்னைப் பாத்துக்கச் சொல்லி எங்கண்ணன் கேட்டானா? அதுக்காகத்தான் இவர் என்னைக் கட்டிக்கிட்டாரா?"

குள்ளன் பதறிப்போனார். "சத்தியமா இல்ல. உங்க பேச்சு வந்துச்சு. ஆனா அது வேற." அவர் தயங்கினார். சொல்லுங்கள் என்று நான்தான் சொன்னேன். "சின்ன வயசுல நீங்க ஒரு குடையைத் தொலைச்சிட்டீங்கன்னு வீட்டுல அடி வாங்கினீங்களாமே. தொலைச்சது நான்தான்டா, பஸ்ல விட்டுட்டு வந்து அவ மேல பழியைப் போட்டுட்டேன்னு உங்கண்ணன் சொல்லிச் சிரிச்சாரு. ரேடியோவும் சிரிச்சாரு. அவ்வளவுதான்."

அம்மா வாயைப் பொத்திக்கொண்டாள். உள்ளேயிருந்து வந்தது அழுகையா சிரிப்பா என்று எனக்குப் புரியவில்லை. "பாவி, அவனா" என்றாள். அப்புறம் அந்தக் கை அப்படியே கீழே இறங்கியது. கண்கள் எங்கோ நிலைகுத்தின.

"ஒரு குடை" என்றாள். "பெட்டியைக் கொண்டாந்த அன்னைக்கு, புதுசா ஒரு குடையைத் திண்ணை மூலையில சாத்தி வச்சிட்டுப் போனார். மறந்து வச்சிட்டாரு பாவம்னு, அடுத்த தடவை வந்தப்ப நான் கையிலேயே எடுத்துக் குடுத்தேன். வாங்கிட்டுப் போயிட்டார்."

பெண் பார்க்க அவர் வரவில்லை. உண்மையைச் சொல்வதற்கு வந்திருக்கிறார். ஒவ்வொரு தடவையும் சொல்லிவிட வேண்டும் என்று வந்து, தண்ணீரைக் குடித்துவிட்டு எழுந்து போயிருக்கிறார். தாத்தா கேட்ட கேள்விக்கு அவர் தலையாட்டியதும் ஆசையாலா, இல்லை என்று சொல்ல வாய் வராததாலா என்று இனி யாரிடம் கேட்பது?

"வீட்டுல அவர் பேசவே மாட்டார், தம்பி" என்றாள் அம்மா.

குள்ளன் விளையாட்டு என்று நினைத்துச் சிரிக்கத் தொடங்கி, எங்கள் முகத்தைப் பார்த்து நிறுத்தினார். என்னைப் பார்த்தார். நான் ஆமாம் என்று தலையாட்டினேன். மகளோடு கூடவா என்று கேட்டார். என்னோடும்தான் என்றேன். அத்தனை உயரமான மனிதர் ஒரு நாற்காலியை இழுத்து, தூசிகூடத் தட்டாமல் உட்கார்ந்துவிட்டார். வருடம் முழுவதும் மூடிவைத்ததைத்தான் அப்பா ஒரே நாளில் தங்களிடம் கொட்டினாரா என்று தனக்குள்ளேயே கேட்டுக்கொண்டார்.

வெளியே மணியடிக்கக் காத்திருந்தார்கள். செயலாளர் அப்பாவின் பெயரைப் படித்ததும் எல்லோரும் அம்மாவைப் பார்த்தார்கள். அவள் அசையவில்லை. "நீ அடி" என்று என்னிடம் சொன்னாள். "ஒரே தலகாணியில படுத்துக்கிட்டு வாயைத் திறக்காத மனுஷனுக்கு நான் அடிக்க மாட்டேன்." மெதுவாகத்தான் சொன்னாள், ஆனாலும் முன்வரிசைக்குக் கேட்டிருக்கும். நான் போய் அடித்தேன். கடைசியில் தீயில் இறந்தவர்களின் பெயர்களைப் படித்தார்கள். மாமாவின் பெயர் வந்தபோது அம்மா தானாகவே எழுந்து போனாள். கயிற்றைப் பிடித்தபடி, அடிக்காமல், நெடுநேரம் நின்றாள். யாரும் அவசரப்படுத்தவில்லை. பிறகு ஓங்கி அடித்தாள்.

அதற்கப்புறம் சில வாரங்களுக்கு அம்மா அம்மாவாக இல்லை. அடுப்பில் பாலை வைத்துவிட்டு அதன் எதிரிலேயே நின்று பொங்கவிட்டாள். திடீரென்று அப்பாவின் படத்தின் முன் நின்று சண்டை போட்டாள். "ஏங்க, நான் குடையைத் திருப்பிக் குடுத்தப்பவாவது சொல்லித் தொலைச்சிருக்கக் கூடாதா?" என்று அவள் கேட்டதை நான் கடையிலிருந்து வரும்போது வாசலிலேயே கேட்டிருக்கிறேன். ஒருநாள் துணி மடித்துக்கொண்டிருந்தவள், நான் எதுவும் கேட்காமலே பேசினாள்.

"அவர் அன்னைக்கே சொல்லியிருந்தா அவரைக் கட்டியிருப்பேனான்னு யோசிச்சுப் பாத்தேன்."

"கட்டியிருப்பியா?"

"தெரியல. கேட்டிருந்தா தாங்கியிருப்பேனான்னும் தெரியல." ஒரு சட்டையை மடித்து, பிரித்து, மறுபடியும் மடித்தாள். "அந்த ஆளுக்குப் போன் போடு. வீட்டுக்கு வரச் சொல்லு."

குள்ளன் அடுத்த ஞாயிற்றுக்கிழமை மனைவியோடு வந்தார். வாசற்படியில் குனிந்துதான் உள்ளே வர முடிந்தது. அம்மா அவர்களை உட்காரவைத்து, சுற்றிவளைக்காமல் கேட்டாள். அன்றைக்கு அந்தப் போனில் இரண்டு பக்கமும் பேசியதை, நினைவிருக்கிற மட்டும், ஒன்று விடாமல் சொல்ல வேண்டும். அவர் மனைவி வேண்டாம் என்பதுபோல் அவர் கையைத் தொட்டார். குள்ளன் அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தார். தாங்குவீர்களா என்று கேட்டார்.

"இத்தனை வருஷம் அவர் ஒருத்தரே தாங்கலையா? சொல்லுங்க தம்பி."

நான் டீ போடப் போனேன். திரும்பி வந்தபோது அவர் ஆரம்பித்துவிட்டிருந்தார். இதுவரை நான் கேட்டேயிராத ஒரு துள்ளலான குரலில், பல் தேய்ப்பதைக் கிரிக்கெட் மாதிரி வர்ணித்துக்கொண்டிருந்தார். அது அப்பாவின் குரல் என்று யாரும் எனக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. நடுநடுவே நிறுத்தி, இந்த இடத்தில் உங்கள் அண்ணன் சிரித்தார், இந்த இடத்தில் இருமினார், இந்த இடத்தில் தண்ணீர் தாகமாக இருக்கிறது என்றார் என்று சொந்தக் குரலில் சொன்னார். அம்மா அழவில்லை, சிரிக்கவும் இல்லை. நாற்காலியின் நுனியில், முன்னால் சாய்ந்து, வாய் லேசாகத் திறந்திருக்க உட்கார்ந்திருந்தாள். நான் நீட்டிய டம்ளரை அவள் பார்க்கவேயில்லை. அவர் மூச்சு வாங்க நிறுத்தியபோது, "ம், அப்புறம்?" என்றாள்.