மேல் ஆளும் கீழ் ஆளும்

தம்பி உடையான் படைக்கு அஞ்சான் என்று சொல்லிவிட்டுப் போனவனுக்கு இப்படி ஒரு தம்பி வாய்த்திருக்க மாட்டான். வாய்த்திருந்தால் வாயை மூடிக்கொண்டு போயிருப்பான். அக்காகாரிக்கு அதில் சந்தேகமே கிடையாது. அவள் தம்பியை எல்லாரும் தூண் என்றுதான் கூப்பிடுவார்கள். ஆள் வாட்டம் அப்படி. அந்தத் தூண் இப்போது அவள் வீட்டு முன்னறையில், அவள் சோபாவில், அவளுடைய நல்ல தலையணைகளையெல்லாம் காலுக்கு அண்டக் கொடுத்துக்கொண்டு சாய்ந்து கிடந்தது.

அவன் குடியிருப்பது மூன்றாவது மாடி, லிஃப்ட் கிடையாது. முட்டியில் ஆபரேஷன் முடிந்த கையோடு, "தரைத்தள வீடுதான்க்கா எனக்குத் தோது" என்று இங்கே வந்து இறங்கிவிட்டான். ஊரார் வீட்டுச் சாமானையெல்லாம் மாடி ஏற்றினவனுக்குத் தன்னை ஏற்றிக்கொள்ள வழியில்லை.

ஊரார் சாமான் என்றது சும்மா இல்லை. தொழிலே அதுதான். அக்காகாரியின் வீட்டுக்காரர் வீடு மாற்றிக் கொடுக்கிறவர். சொந்தமாக ஒரு மூடிய வண்டி, நாலு சக்கரத் தள்ளுவண்டி ஒன்று, கீறல் விழாமல் சுற்றப் பழைய கம்பளிகள், தோளில் மாட்டித் தூக்கும் பட்டைகள். தள்ளுவண்டியின் ஒரு சக்கரம் வருஷக்கணக்காகக் கிறீச்சிடுகிறது. எண்ணெய் விட வேண்டும் என்று எல்லாரும் சொல்வார்கள், ஒருத்தரும் விடுவதில்லை. போன் எடுப்பது, வேலை பிடிப்பது, எந்த வேலைக்கு யார் போவது என்று தீர்மானிப்பது எல்லாம் அக்காகாரி. "எத்தனையாவது மாடி? லிஃப்ட் இருக்கா? பீரோ கதவு கழட்ட வருமா? படி திரும்புற இடத்துல ரெண்டு பேர் நிக்க இடம் இருக்கா?" என்று அவள் கேட்கிற கேள்வியில் சில பேர் வீடு மாற்றுகிற எண்ணத்தையே விட்டுவிடுவார்கள்.

படியில் பாரம் ஏற்ற இரண்டு ஆள் வேண்டும். மேல் ஆள் முன்னால், பின்பக்கமாக ஏறுவான். பாரத்தைப் பிடித்து வழி காட்டுவது அவன் வேலை. கீழ் ஆள் பாரத்துக்கு அடியில் நிற்பான். எடையில் பெரும்பங்கு அவன் தலையில். மேல் ஆளுக்குக் கால் இடறினால் தொப்பென்று படியில் உட்காருவான், அவ்வளவுதான். பீரோ போய் உட்காருவது கீழ் ஆளின் நெஞ்சில்.

தூண் எப்போதும் மேல் ஆள். வீட்டுக்காரர் எப்போதும் கீழ் ஆள். "மாமாவுக்குத்தான்க்கா நிதானம் ஜாஸ்தி" என்பான் தம்பி. நிதானமாம்!

முட்டி போனது எப்படி என்று கேட்டால், கண்ணாடி அலமாரியைக் காப்பாற்றப் போய் அடிபட்டேன் என்று வருகிறவன் போகிறவனிடமெல்லாம் சொல்லுவான். நடந்தது வேறு. வண்டிக்குப் பின்னால் ஏறி இறங்க ஒரு படிக்கட்டு இருக்கிறது. எதிர்வீட்டுப் பால்கனியில் நாலு பேர் வேடிக்கை பார்த்தார்கள். துரைக்குப் படியில் இறங்க மனசில்லை. மேலே இருந்து குதித்தார். முட்டிக்குள்ளே ஜவ்வு அறுந்தது. அலமாரி அப்போது பத்திரமாக வீட்டுக்குள் போய் ஆணியடித்த மாதிரி நின்றுகொண்டிருந்தது.

டாக்டர் தொடையின் பின்பக்கத்திலிருந்து தசைநார் எடுத்து, அறுந்த ஜவ்வுக்குப் பதிலாக வைத்துத் தைத்தார். அதற்கப்புறம் பிசியோதெரபி செய்கிற பெண் வந்தாள். காலை நேராகத் தூக்கு, மெதுவாக மடக்கு, இந்தச் சின்னப் பலகை மேல் ஏறி இறங்கு என்றாள். பலகை ஒரு செங்கல் உயரம்தான்.

"பீரோ தூக்குனவன்கிட்ட செங்கல் மேல ஏறச் சொல்றாங்கக்கா" என்று தூண் எகத்தாளமாகச் சிரித்தான்.

"ஏறு பார்ப்போம்" என்றாள் அக்காகாரி.

ஏறினான். இறங்கும்போது முட்டி கிடுகிடுவென்று ஆடியது. சிரிப்பு நின்றது.

தொடை சூம்பிப் போயிருந்தது. அதை மறைக்க வீட்டுக்குள்ளேயும் தொளதொளவென்று நீளக் கால்சட்டைதான் போடுவான். யாராவது கேட்டால், "யானை படுத்தாலும் குதிரை மட்டம்" என்பான். படுத்த யானைக்கு வேளாவேளைக்கு டீ போட்டுக் கொடுக்கிறவளுக்குத்தான் அதன் மட்டம் தெரியும்.

இதெல்லாம்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பான். அவன் இடத்துக்கு ஆள் வந்ததுதான் பொறுக்கவில்லை. அதுவும் ஒரு பொம்பளை. முன்பு ஆஸ்பத்திரியில் நோயாளிகளைக் கட்டிலுக்குக் கட்டில் மாற்றுகிற வேலை பார்த்தவள், வண்டியும் ஓட்டுவாள். வண்டிக்காரம்மா என்றுதான் எல்லாரும் கூப்பிட்டார்கள். முதுகை வளைக்கமாட்டாள், முட்டியை மடக்கித் தூக்குவாள், வாயைத் திறக்கவே மாட்டாள். திருப்பம் வந்தால் மட்டும் "நில்லுங்க" என்பாள். கீழேயும் நிற்பாள். ஒரு நாள் அவள், ஒரு நாள் வீட்டுக்காரர் என்று மாறி மாறி நின்றார்கள்.

"பொம்பளை ஃப்ரிட்ஜ் தூக்குறாளாம்! மாமா, உங்களுக்கே இது நல்லாருக்கா?"

"நல்லாத்தான்டா இருக்கு" என்றார் வீட்டுக்காரர். "சாயங்காலம் முதுகு வலிக்கறதே இல்ல."

பாவம், மனுஷர் உள்ளதைச் சொன்னார். தம்பிக்கு அன்றைக்குச் சாப்பாடு இறங்கவில்லை. இரண்டாவது தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டான், ஆனால் இறங்கவில்லை என்றுதான் சொன்னான்.

அந்தச் சமயம் பார்த்து வந்து சேர்ந்தான் அவன் கூட்டாளி. ஜிம்மில் பயிற்சி கொடுக்கிறவன். கழுத்து என்று ஒன்று அவனுக்கு இருந்ததா என்பதே கேள்வி. அவன் உட்கார்ந்த கனத்தில் சோபாவின் மறுபக்கத்தில் தூண் உயர்ந்தது. அக்காகாரி அடுப்படியில் இருந்தபடியே காதைத் தீட்டிக்கொண்டாள்.

"பிசியோ சொல்றதையெல்லாம் கேட்டா நீ கிழவனாகித்தான் எந்திரிப்ப. சதை ஏத்துற ஊசி ஒண்ணு இருக்கு, ரெண்டு வாரம் போடு. தொடை பழையபடி திரண்டு வந்துடும். என்னைப் பாரு!"

கேழ்வரகில் நெய் வடிகிறது என்றால் கேட்பவனுக்குப் புத்தி எங்கே போச்சு? தூணுக்குப் புத்தியும் தொடையோடு சூம்பிவிட்டது போலும். வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தான்.

மறுநாள் ஃப்ரிட்ஜில் தக்காளி எடுக்கப் போனவள் கையில் ஒரு காகிதப் பெட்டி தட்டுப்பட்டது. உள்ளே விரல் நீளத்துக்குக் கண்ணாடிக் குப்பிகள். குப்பிக்குள் மஞ்சளாக எண்ணெய். குளிரில் அடியில் கற்கண்டுத் தூள் மாதிரி உறைந்து கிடந்தது.

பெட்டியை அப்படியே கொண்டுபோய் அவன் மடியில் போட்டாள்.

"என்னடா இது?"

"மருந்துக்கா."

"எந்த டாக்டர் குடுத்தாரு?"

தூண் பெட்டியைத் தலையணைக்கு அடியில் தள்ளப் பார்த்தான்.

"எண்ணெயை உடம்புக்குள்ள ஊத்திக்கறதுக்கு நீ என்ன மோட்டார் வண்டியா? இதைப் போய் எதுக்கு ஃப்ரிட்ஜ்ல வச்ச?"

"மருந்துன்னா ஃப்ரிட்ஜ்லதானேக்கா வைப்பாங்க" என்றான் தூண். அடப்பாவி! அது என்ன சரக்கு, எங்கே வைப்பது என்றே தெரியாது. ஆனால் உடம்பில் ஏற்றிக்கொள்ள மட்டும் ரெடி.

"இன்னும் போடலைக்கா. யோசிச்சிட்டுதான் இருக்கேன்."

அவன் யோசிக்கிறான் என்றதும்தான் அவளுக்கு நிஜமாகவே பயம் வந்தது. வண்டியிலிருந்து குதிப்பதற்கு முன்னாலும் ஒரு நிமிஷம் யோசித்துக்கொண்டுதான் நின்றானாம்.

அன்றைக்குப் பிசியோ பெண் வந்ததும் பெட்டியை அவளிடம் காட்டினாள். அந்தப் பெண் திட்டவில்லை, பயமுறுத்தவும் இல்லை. குப்பியை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டுக் கீழே வைத்தாள்.

"எதுல கலந்தது, என்ன கலந்ததுன்னு யாருக்குத் தெரியும்? நிஜ மருந்தாவே இருக்கட்டும். சதை ஊதும். உள்ள தைச்சு வச்சிருக்காங்களே, அந்த ஜவ்வு ஊதாது. அது பிடிக்க மாசக்கணக்கா ஆகும். வலி போயிடுச்சு, பலம் வந்துடுச்சுன்னு ஆட்டம் போடுவீங்க பாருங்க, அப்பதான் அது ரொம்ப வீக்கா இருக்கும். அறுந்தா மறுபடி மொதல்ல இருந்து."

"சரிங்க மேடம்" என்றான் தூண், தலையைப் பவ்யமாக ஆட்டி. அவள் தெருமுனை திரும்புவதற்குள், "சின்னப் பொண்ணு, புஸ்தகத்துல இருக்கறதைச் சொல்லுது" என்றான். பெட்டி மறுபடியும் ஃப்ரிட்ஜுக்குள், பால் பாக்கெட்டுக்குப் பின்னால் போய் உட்கார்ந்தது.

வார முடிவில் போனில் ஒரு வேலை வந்தது, அடுத்த மாசத்துக்கு. நாலாவது மாடி, லிஃப்ட் இல்லை, இரும்பு பீரோ, படி குறுகல். அக்காகாரி போனை வைத்ததும் தூண் நிமிர்ந்து உட்கார்ந்தான்.

"அடுத்த மாசம்தானேக்கா? அதுக்கு என்னைப் போடு. இன்னைக்கே ஊசியை ஆரம்பிச்சா அதுக்குள்ள ரெடியாயிடுவேன். மாமாவும் நானும் பழையபடி."

"மாமா என்ன சொன்னாரு?"

"நேத்தே கேட்டுட்டேன். மறுபடி வேலைக்கு வரட்டும்னாரு."

சொல்லியிருப்பார். பெண்டாட்டியின் தம்பிக்கு 'இல்லை' என்று சொல்ல அந்த மனுஷருக்கு வாய் வராது. இனி அவள் சொன்னால்தான் உண்டு. நாலு மாடி, குறுகிய படி, இரும்பு பீரோ. அதற்கு அடியில் தன் புருஷன் வேர்வை வழிய நிற்பது கண்ணுக்கு முன்னால் வந்தது. அவளுக்கு அழுகையும் வந்தது, ஆத்திரமும் வந்தது. ஆத்திரம்தான் முதலில் வாய்க்கு வந்து சேர்ந்தது.

"சரிடா, உன்னையே போடறேன்" என்றாள்.

தூணின் முகம் மலர்ந்தது.

"ஊசி போடுவியோ, எண்ணெய்ல குளிப்பியோ, அது உன் உடம்பு. நான் கேக்கல. ஒண்ணே ஒண்ணு. இந்தத் தடவை மாமா மேல் ஆளு. நீ கீழ் ஆளு."

"கீழயா?"

"ஆமா. பழையபடி ஆயிடுவேன்னு நீதானே சொன்ன?"

"அது இல்லக்கா... மேலன்னா பரவாயில்ல, சமாளிச்சிடுவேன்."

"கீழ நின்னா என்ன?"

"கீழ வேணாம்க்கா." குரல் இறங்கிவிட்டது. "பாதிப் படியில முட்டி விட்டுடுச்சுன்னா பீரோ அப்படியே என் மேல..."

சொல்லிக்கொண்டே வந்தவன் நிறுத்தினான். வாழ்க்கையிலேயே முதல்முறையாக அவளுக்குச் சொல்ல ஒன்றும் இருக்கவில்லை. எல்லாவற்றையும் அவனே சொல்லி முடித்திருந்தான். ஊரான் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே என்றானாம், அந்தக் கதைதான். தன் முட்டியை நம்பித் தன் நெஞ்சைக் கொடுக்கமாட்டான். அக்கா புருஷன் நெஞ்சைக் கொடுப்பான், தாராளமாக.

வாசலில் வீட்டுக்காரர் நின்றுகொண்டிருந்தார். மத்தியான வேலைக்குக் கிளம்பத் தோள் பட்டையைத் தேடி வந்தவர். எவ்வளவு நேரமாக நின்றாரோ, முகத்தைப் பார்த்தால் எல்லாம் கேட்டது தெரிந்தது. கோபம் இல்லை அந்த முகத்தில். இருந்திருந்தால் தேவலை.

"மாமா, நான் அப்படி நினைச்சு..."

"விடு மச்சான்." ஆணியில் மாட்டியிருந்த பட்டையை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார். "உன் இடம் எங்கயும் போகாது. மெதுவா வா. ஆனா கீழ் ஆளா நிக்க முடிஞ்ச அன்னைக்கு வா."

அத்தனை வருஷத்தில் அவர் தூணிடம் சொன்ன முதல் 'இல்லை' அதுதான். சொல்லிவிட்டுத் தள்ளுவண்டியை இழுத்துக்கொண்டு வாசலுக்குப் போனார். சக்கரம் கிறீச் கிறீச் என்று கத்தியது. வெளியே வண்டிக்காரம்மா வண்டியின் பின்கதவைத் திறந்துகொண்டிருந்தாள்.

தூண் சுவரைப் பிடித்து எழுந்தான். அடுப்படிக்குப் போனான், ஃப்ரிட்ஜ் திறக்கிற சத்தம் கேட்டது. பெட்டியோடு வந்தான். அக்காகாரி இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, என்னதான் செய்கிறான் பார்ப்போம் என்று நின்றாள்.

"மாமா, ஒரு நிமிஷம் நில்லுங்க."

வாசலில், அந்த நட்டநடுப் பகலில், அக்கம்பக்கம் பார்க்க, ஆபரேஷன் காலை முன்னால் நீட்டித் தரையில் உட்கார்ந்தான். குப்பியின் கழுத்தைத் துணியால் பிடித்து உடைத்தான். எண்ணெயைச் சக்கரத்தின் அச்சில் விட்டான். தலையை நிமிர்த்தவே இல்லை. கண் கலங்கியிருந்ததோ என்னவோ.

அவனைப் போய்க் கட்டிக்கொள்ள வேண்டும் போலத்தான் இருந்தது அக்காகாரிக்கு. ஆனால் அதையெல்லாம் செய்தால் அவள் அக்காகாரியே இல்லை.

"மிச்சக் குப்பியையும் ஊத்து, தம்பி" என்றாள். "சக்கரத்துக்கு ஜவ்வு கிடையாது, பயப்படாம ஊத்து. முடிச்சிட்டு உள்ள வந்து செங்கல் மேல ஏறு."