திரைக்காரர் அறுத்த கயிறு

1

உள்ளதைச் சொல்லிவிடுகிறேன்: இது நாற்பது சொல்லில் முடிந்திருக்க வேண்டிய சமாச்சாரம். நகராட்சியிலிருந்து ஒரு கடிதம் வந்தது. மணிக்கூண்டுக்குப் பின்னால் நாலு மாடி கார் நிறுத்துமிடம் இருக்கிறதே, அந்த இடத்தில் ஒரு காலத்தில் நாடகக் கொட்டகை இருந்ததாம். வாசலில் பித்தளைப் பலகை பதிக்கப் போகிறார்களாம். கொட்டகையின் வரலாற்றை நாற்பது சொல்லுக்கு மிகாமல் எழுதித் தர முடியுமா? முடியும் என்றேன். வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்வது எனக்குப் புதிதில்லை.

கூடவே ஒரு அட்டைப்பெட்டி. அதில் கட்டட வரைபடம், ஒரே ஒரு புகைப்படம், மேடை மேலாளர் தினமும் எழுதிவந்த குறிப்பேடு.

2

தொடக்கங்கள்:

"சென்ற நூற்றாண்டின் முதல் பத்தாண்டில், பாட்டுப் பிரியையான தன் மனைவிக்காக ஒரு பருத்தி வியாபாரி ஆயிரத்து நூறு இருக்கைகளோடு..." வேண்டாம். அந்த அம்மாளுக்குப் பாட்டு பிடித்ததா, தலைவலி வந்ததா, யார் கண்டது?

"கொட்டகை என்பது வெறும் செங்கல் அல்ல, அது ஒரு..." சே.

"அந்தக் கொட்டகையை ஒழித்துக்கட்டியது ஒரு திரைக்காரர் அறுத்த கயிறு." ஊரில் யாரைக் கேட்டாலும் இதைத்தான் சொல்கிறார்கள். சொல்லிவிட்டுச் சிரிக்கிறார்கள். சரி, இதிலிருந்தே போவோம்.

3

மேடைக்கு முன்னால், துணித்திரைக்கும் முன்னால், இரும்புத் தகட்டில் இன்னொரு திரை உயரத்தில் தொங்கும். மேடையில் தீப்பிடித்தால் அதை இறக்கி, ஜனங்களைக் காப்பாற்ற வேண்டும். சும்மா தொங்குவானேன் என்று அதன்மேல் சோப்பு, குடை, கூந்தல் தைல விளம்பரங்களை வரைந்து வைத்திருந்தார்கள்.* அதைத் தாங்கிய கயிற்றடியில், கையில் கத்தியோடு ஒருவர் நிற்பார். அவர்தான் நம் திரைக்காரர். அவர் தலைக்கு மேலே ஒரு பலகை: "சந்தேகம் வந்தால் இறக்கு. பிறகு யோசி."

[* சோப்பு முதலாளிதான் அதிக இடம் பிடித்திருந்தார். இது முக்கியம்.]

பதினோரு வருஷம் அவர் அந்தக் கத்தியைத் தீட்டி வைத்ததோடு சரி. பன்னிரண்டாவது வருஷம், ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியக் காட்சியில், நாயகன் நாயகியின் மடியில் சாகப்போகும் கட்டத்தில், அவர் மூக்குக்குப் புகை எட்டியது. சந்தேகம் வந்தது. அறுத்தார்.

இரும்பு தடதடவென்று இறங்கியது. நாயகி உள்ளே, நாயகன் வெளியே. பாவம் அந்த மனுஷன், பழக்க தோஷத்தில் நாலு வரி வசனம் பேசி, சோப்பு விளம்பரத்தின் காலடியில் தனியாகச் செத்தார். ஆயிரத்து நூறு பேரும் வயிறு குலுங்கச் சிரித்தார்கள். உள்ளே தேடினார்கள், தீ இல்லை. திரையை மறுபடி ஏற்ற ஆறு பேருக்கு மூன்று மணி நேரம் பிடித்தது. அதற்குப் பிறகு அங்கே எந்த நாடகத்தில் யார் அழுதாலும், பின் வரிசையிலிருந்து "புகை! புகை!" என்று ஒரு குரல் கிளம்பும். சோக நாடகம் படுத்தது, அடுத்த வருஷம் கொட்டகையே படுத்தது. பிறகு கிடங்கு, பிறகு இடிபாடு, பிறகு கார்கள்.

(எதிர்த் தெருவில் அதே வருஷம் பேசும் படம் வந்ததை ஊர் வசதியாக மறந்துவிட்டது. வரைபடத்தின் ஓரத்தில் யாரோ குறித்து வைத்ததால் எனக்குத் தெரியும்.)

மேலாளரை இந்த இடத்தில் வில்லனாக்க நினைத்தேன். முறுக்கு மீசை, கைத்தடி, திரைக்காரரை விரட்டும் காட்சி எல்லாம் எழுதி...

இல்லை. மீசையைப் பிறகு எடுக்க வேண்டியதாயிற்று. ஏனென்று பிறகு சொல்கிறேன்.

4

பலகைச் செய்தி நாளிதழில் வந்த வாரம் ஒரு பெண்மணி என் வீட்டுக்கு வந்தார். எழுபத்தெட்டு வயது, தையல் ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். உட்காரும் முன்பே, தான் திரைக்காரரின் மகள் என்றார். பள்ளிக்கூடம் முடிக்கும்வரை தன்னைப் "புகைப் பொண்ணு" என்றே கூப்பிட்டார்கள் என்றார். வேலை போன அப்பா ஒரு ஜவுளிக்கடையில் லிஃப்ட் இயக்கினாராம். ஏத்தி இறக்குறதுதானே, பழகின தொழில் என்று வீட்டில் ஜோக்கடிப்பாராம்.

அப்பாவைப் பலகையில் கோமாளியாக்க வேண்டாம் என்று கேட்க வந்திருக்கிறார் என்று நினைத்தேன். அது இல்லை.

மேடைப்பக்கம் குடும்பத்தார் வரக் கூடாது என்பது மேலாளரின் கண்டிப்பு. ஆனாலும் ஞாயிறு தோறும் எட்டு வயது மகள் பின்வாசல் வழியாகச் சாப்பாடு கொண்டுபோய், கயிற்றடியில் மணல் மூட்டைமேல் உட்கார்ந்து நாடகம் கேட்பாள். திரை இறங்கிய அன்றைக்குப் பின்னலில் ஒரு ரிப்பன் கசங்கியிருந்தது. நடிகர்களின் உடையைக் கவனிக்கும் உடைக்காரம்மா, மேடை விளக்கின் சூடான தகரக் கூண்டில் வைத்து ரிப்பன் தேய்ப்பதை அவள் பார்த்திருக்கிறாள். அப்பா முதுகைத் திருப்பியிருந்தபோது அவளும் வைத்தாள். கருகியது. பிடுங்கி, பாவாடைக்குள் சுருட்டிக்கொண்டாள்.

"ஏதாவது எரியுதாம்மான்னு கேட்டாரு. இல்லைன்னு தலையாட்டினேன். அவ்வளவுதான் தம்பி."

அப்பா தலைக்கு மேலே இருந்த பலகையைப் பார்த்தார், கயிற்றை அறுத்தார். ஆட்கள் ஓடிவருவதற்குள் அவள் பின்வாசலைத் தாண்டிவிட்டாள்.

அதன்பிறகு இருபத்திமூன்று வருஷம் அப்பாவும் மகளும் ஒரே வீட்டில் இருந்தார்கள். அவர் இறக்கும்வரை அவள் வாய் திறக்கவில்லை. இப்போது பித்தளைப் பலகையில் இருக்க வேண்டும் என்கிறார்: புகை வந்தது நிஜம், அதற்குக் காரணம் மகள்.

நாற்பது சொல்தான் டீச்சர் என்று இழுத்தேன்.

"என் பேரு ஒரே சொல்லுதானே" என்றார்.

5

முடிவுகள்:

அ. அவர் கேட்டபடியே எழுதுவது. கார் நிறுத்த வருகிறவன் படித்துவிட்டு, யாரோ ஒரு பொம்பளைப் பிள்ளையால் கொட்டகை போச்சு என்பான். சிரிக்க ஊருக்குப் புது ஆள் கிடைக்கும்.

ஆ. பேசும் படம் வந்தது, கொட்டகை மூடப்பட்டது. யார்மேலும் குற்றமில்லை. பூசி மெழுகியாயிற்று. நகராட்சிக்கு இதுதான் பிடிக்கும்.

இ. "மறுநாள் மாலை அப்பா வெளியே போய், அவளுக்கு ரிப்பன் வாங்கி வந்தார். ஜோடியாக அல்ல, ஒன்றே ஒன்று." [படித்ததும் உங்களுக்கு இதுதான் முடிவு என்று தோன்றியதா? எனக்கும்தான். ஆனால் இது நான் கட்டிவிட்டது. அவர் அப்படி எதுவும் சொல்லவில்லை. அடித்துவிட்டேன், நீங்களும் மறந்துவிடுங்கள்.]

6

டீச்சர் போன பிறகு குறிப்பேட்டை மறுபடி எடுத்தேன். அந்த ஞாயிற்றுக்கிழமைப் பக்கத்தை ஏற்கனவே பத்து தடவையாவது படித்திருப்பேன். என்ன பிரயோஜனம், கண்ணை விற்றுவிட்டுப் படித்திருக்கிறேன். மேலாளரின் கையெழுத்து குண்டு குண்டாக, அவசரமில்லாமல் இருக்கிறது:

"தீ இல்லை. திரைக்காரரை விசாரித்தேன். மூக்கு ஏமாற்றிவிட்டது என்றார். நம்ப முடியாமல், கயிற்றடியில் வேறு யாராவது இருந்தார்களா என்று இரண்டு முறை கேட்டேன். ஈ காக்கை வரவில்லை என்று இரண்டு முறையும் சொன்னார். வேறு வழியின்றி நீக்கினேன்." (இரண்டு முறை கேட்ட மனுஷனுக்கு முறுக்கு மீசை ஒட்டவில்லை.)

கைக்கு எட்டும் தூரத்தில் உட்கார்ந்திருந்த பிள்ளையிடம், ஏதாவது எரிகிறதா என்று கேட்டவர் திரைக்காரர். கேட்ட அன்றைக்கே, அங்கே யாருமே இல்லை என்கிறார்.

ரிப்பனைப் பார்த்துவிட்டாரா? அல்லது பிள்ளையை உள்ளே விட்டது தெரிந்தால் வம்பு என்று மட்டும் பயந்தாரா? எனக்குத் தெரியாது. இந்தத் தடவை இட்டுக்கட்டவும் மனம் வரவில்லை.

இந்தப் பக்கத்தை டீச்சருக்குக் காட்டினால், அப்பா தன்னைக் காப்பாற்றத்தான் அப்படிச் சொன்னார் என்று இத்தனை வருஷத்துப் பாரம் இறங்கலாம். அல்லது, தெரிந்துகொண்டே இருபத்திமூன்று வருஷம் லிஃப்டில் ஏறி இறங்கினாரே, நான் ஒரு வார்த்தை சொல்வேன் என்று காத்திருந்தாரோ என்று உடைந்துபோகலாம். எழுபத்தெட்டு வயதில் இரண்டில் எது நடக்கும் என்று எந்த எழுத்தாளன் சொல்ல முடியும்?

நாற்பது சொல்லைப் பார்க்க இன்று நாலு மணிக்கு வருவதாகச் சொல்லியிருந்தார். குறிப்பேடு மேஜைமேல் அந்தப் பக்கத்தில் விரிந்து கிடக்கிறது. அட்டைப்பெட்டி பக்கத்திலேயே, மூடி திறந்து. சந்தேகம் வந்தால் இறக்கு என்ற பலகை எதை இறக்கச் சொல்கிறது, குறிப்பேட்டைப் பெட்டிக்குள்ளா, அவர் மனப்பாரத்தையா என்று இங்கே புரியவில்லை.

அழைப்பு மணி அடிக்கிறது. கதவைத் திறக்க நான் போக வேண்டும். மேஜைப் பக்கம் இப்போது இருப்பது நீங்கள் மட்டும்தான்.