குப்பை அறைக்குப் பக்கத்துக் கடை

குப்பை லாரி பின்பக்கமாக வந்துகொண்டிருந்தது. நான் கையில் சாக்பீஸோடு சுவரோரம் ஒட்டி நின்று, "வரலாம், வரலாம்" என்று கத்திக்கொண்டிருந்தேன். டிரைவருக்கு என் குரல்மேல் பெரிய நம்பிக்கை இல்லை. தலையை வெளியே நீட்டித் தானே பார்த்துக்கொண்டுதான் வந்தார். சக்கரம் நின்ற இடத்தில் ஒரு கோடு போட்டேன். அவர் இறங்கி வந்து கோட்டையும் கட்டடத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "இங்கதாம்மா சரியா வரும். வேற எங்க கட்டினாலும் வண்டி திரும்பாது" என்றார். கோட்டிலிருந்து நாலு எட்டு வைத்தால் என் தம்பியின் லாண்டரிக் கடை ஜன்னல். உள்ளே தேய்த்த வெள்ளைச் சட்டைகள் வரிசையாகத் தொங்கிக்கொண்டிருந்தன.

இந்தக் கட்டடத்துக்கு நான்தான் மேனேஜர். மேனேஜர் என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். குழாயில் தண்ணீர் வராவிட்டாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள், லிஃப்டில் பல்லியைப் பார்த்தாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். கீழே கடைகள், நடுவில் ஆபீஸ்கள், பல் டாக்டர் ஒருவர், மேல்மாடியில் ஓர் உணவகம். இதைக் கட்டிய மகானுபாவர், இங்கே வேலை பார்ப்பவர்கள் யாரும் சாப்பிடமாட்டார்கள், பார்சல் பிரிக்கமாட்டார்கள், எதையும் தூக்கிப் போடமாட்டார்கள் என்று நினைத்திருக்க வேண்டும். குப்பைக்கென்று ஓர் அடி இடம் விடவில்லை. இத்தனை வருஷமும் மாடிப்படிக்குக் கீழே தொட்டிகளை அடுக்கி ஒப்பேற்றினோம். இப்போது நகராட்சியிலிருந்து வந்து, கூரை போட்ட அறை வேண்டும், மக்குவது தனி, காகிதம் பிளாஸ்டிக் தனி, இல்லாவிட்டால் அள்ளமாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். முதலாளி வழக்கம்போல, "நீயே பாத்து முடிச்சிரும்மா" என்று போனை வைத்துவிட்டார்.

பார்த்தேன். முன்பக்கம் வைத்தால் வருகிறவர்களுக்குக் குப்பைதான் முதல் தரிசனம். அடித்தளத்தில் மோட்டார் இருக்கிறது, லாரியும் இறங்காது. படிக்குக் கீழே வைத்தால், தீப்பிடித்தால் ஓடும் வழி அடைபடும். குப்பை அறை அவசியம் என்பதில் கட்டடத்தில் ஒருவருக்கும் மறுப்பில்லை. அது அடுத்தவர் வாசலில் இருக்க வேண்டும் என்பதிலும் எல்லோரும் ஒற்றுமைதான். கடைசியில் மிஞ்சியது பின்முற்றம். அங்கே இருப்பது தம்பி கடை ஒன்றுதான்.

அவனுக்கு இது மூன்றாவது தொழில். செல்போன் ரிப்பேர் கடை வைத்தான், படுத்துவிட்டது. அச்சடிக்கும் கடை வைத்தான், அதுவும் படுத்துவிட்டது. முதலாளியிடம் பல்லைக் காட்டி இந்த இடத்தை வாங்கிக் கொடுத்தது நான்தான். இதில்தான் அவன் நிமிர்ந்தான். ஆஸ்பத்திரிக் கோட்டுகள், விடுதிகளின் படுக்கை விரிப்புகள் எல்லாம் அவனிடம்தான் வருகின்றன. ஆனால் அந்தத் தொழிலின் முதலே வாசனைதான். சட்டையில் கறை இருந்தால் திரும்பக் கொண்டுவந்து சண்டை போடுவார்கள். நாறினால் ஒன்றும் சொல்லமாட்டார்கள், அடுத்த முறை வரமாட்டார்கள், அவ்வளவுதான். இந்தக் கடையும் போனால் அவன் இன்னொரு முறை எழுந்திருப்பான் என்று எனக்குத் தோன்றவில்லை.

முதலில் அவனிடம்தான் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. அவன் என் தம்பி என்பது கட்டடத்துக்கே தெரியும். பல் டாக்டர் ஏற்கெனவே, "உங்க தம்பி கடைப் பக்கம் மட்டும் வராதுன்னு நெனைக்கிறேன்" என்று சிரித்துக்கொண்டே ஊசி ஏற்றியிருந்தார். பல்லில் ஏற்றும் ஊசியே தேவலை. ஊர் வாயில் விழக்கூடாது என்று எல்லோரையும் ஒன்றாக வரவழைத்து, பத்தோடு பதினொன்றாக அவனுக்கும் சொன்னேன். அவன் கதவோரம் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். கத்துவான் என்று எதிர்பார்த்துப் பதிலெல்லாம் தயாராக வைத்திருந்தேன். அவன் ஒன்றே ஒன்றுதான் கேட்டான்.

"கதவு எந்தப் பக்கம் வரும், மேடம்?"

பேச ஆரம்பித்த நாளிலிருந்து என்னை அக்கா என்று மட்டுமே கூப்பிட்டவன். எனக்குச் சுருக்கென்றது. எதிர்ப்பக்கம் வரும் என்று சொல்லிவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போனேன்.

அதற்குப் பிறகு அவன் என் முகத்தைப் பார்த்துப் பேசவில்லை. அவன் மனைவிதான் போன் செய்தாள். பிள்ளைகள் படிப்பு, எங்கள் அம்மாவின் முட்டிவலி எல்லாம் சொல்லி முடித்துவிட்டு, "தப்புன்னு சொல்ல வரல அண்ணி. முன்னாடியே ஒரு வார்த்தை அவர்கிட்ட சொல்லியிருக்கலாம்" என்றாள். திட்டியிருந்தால் நானும் நாலு வார்த்தை பேசியிருப்பேன்.

என் உறுத்தலையெல்லாம் அந்த அறையில் கொண்டுபோய்க் கொட்டினேன். சாயங்காலங்களில் கோடு போட்ட இடத்தில் கொசுவர்த்திச் சுருளைக் கொளுத்தி வைத்துப் புகை எங்கே போகிறது என்று பார்த்தேன். சில நாள் நேரே மேலே போனது. சில நாள் யாரோ வழி சொல்லிக் கொடுத்ததுபோல் அவன் ஜன்னலுக்கே போனது. அவன் உள்ளிருந்து பார்த்துவிட்டு ஜன்னலைச் சாத்தினான். அந்தப் பக்கச் சுவரில் ஓட்டையே வேண்டாம், கூரையிலிருந்து மொட்டை மாடிவரை ஒரு குழாய் ஏற்றிவிடுங்கள் என்று கொத்தனாரிடம் சொன்னேன். தரை சரிவாக, கழுவிய தண்ணீர் நேரே சாக்கடைக்குப் போகிற மாதிரி. உள்ளேயே ஒரு குழாய். சுவரில் கூரைவரை டைல்ஸ். "குப்பைக்கு எதுக்கும்மா டைல்ஸு, அது என்ன குளிக்கவா போகுது?" என்றார் முதலாளி. நாறுகிற கட்டடத்துக்கு யார் வாடகைக்கு வருவார்கள் என்று கேட்டதும் ஒத்துக்கொண்டார்.

அறை கட்டுவது சுலபம். ஜனங்களைப் பழக்குவதற்குள் எனக்குத் தொண்டை கட்டிவிட்டது. பச்சை மூடியில் சாப்பாட்டு மிச்சம், நீல மூடியில் காகிதமும் பிளாஸ்டிக்கும், அட்டைப் பெட்டியை மடித்துத் தனியாக வைக்க வேண்டும் என்று மாடி மாடியாகப் போய்ச் சொன்னேன். தலையை ஆட்டிவிட்டு, மிச்சத் தயிரை டப்பாவோடு நீலத்தில் போட்டார்கள். டாக்டரின் நர்ஸ் வந்து, மாவில் எடுத்த பல் அச்சை எதில் போடுவது என்று கேட்டாள். அதற்கு இன்றுவரை என்னிடம் பதில் இல்லை. உணவகக்காரரிடம் மட்டும் கறாராக இருந்தேன். மூடி போடாமல் ஒரு வாளி கீழே இறங்கினாலும் மேலேயே திருப்பி அனுப்பினேன். அவர் என்னைக் கண்டாலே எரிந்து விழுந்தார், விழட்டும்.

அறைக்குக் குப்பை வரத் தொடங்கிச் சில நாள் ஆகியிருக்கும். காலையில் லாரி போன பிறகு நான் தரையைக் கழுவவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். தம்பி கடையிலிருந்து ஒரு கொடிக்கயிற்றோடு வந்தான். அறைச் சுவரில் ஒரு முனை, அவன் ஜன்னல் கம்பியில் மறு முனை. அதில் நனைந்த வெள்ளைப் படுக்கை விரிப்பு ஒன்றை உதறிப் போட்டான். சுவருக்கும் துணிக்கும் நடுவில் ஒரு கை நுழையலாம், அவ்வளவுதான் இடைவெளி.

"நாளைக்குச் சாயங்காலம் எடுப்பேன். நாத்தம் இருந்தா இந்த மாசத்தோட கடையக் காலி பண்ணிடறேன், மேடம்."

கோபமாகச் சொல்லியிருந்தால் பரவாயில்லை. டோக்கன் போடுகிறவன்போல் சொல்லிவிட்டுப் போனான்.

அன்றும் மறுநாளும் எனக்கு வேறு வேலை ஓடவில்லை. பச்சைத் தொட்டியின் மூடியை நானே போய்ப் போய் அழுத்திப் பார்த்தேன். மாடியில் மீன் வறுக்கிறார்களா என்று கேட்கப் போய் வாங்கிக் கட்டிக்கொண்டேன். ஒருமுறை யாரும் இல்லாதபோது கொடிக்குப் பக்கத்தில் போய்விட்டேன், முகர்ந்து பார்க்கத்தான். துணியைத் தொடாமலே திரும்பி வந்தேன். பயம்தான், வேறென்ன.

மறுநாள் சாயங்காலம் அவன் வந்து விரிப்பைக் கொடியிலிருந்து இழுத்தான். இரட்டைக் கட்டிலுக்குப் போடுகிற பெரிய விரிப்பு. தனியாளாக மடிக்கப் பார்த்தான். ஒரு முனையைப் பிடித்தால் மறு முனை தரையில் இழுபட்டது. கடைப்பையன் துணி கொடுக்க வெளியே போயிருந்தான் போலிருக்கிறது. அவன் ஒரு நிமிஷம் துணியை மார்போடு சுருட்டிப் பிடித்துக்கொண்டு நின்றான். பிறகு என்னைப் பார்க்காமலே சொன்னான்.

"அக்கா, அந்த முனையப் பிடி."

ஓடிப்போய்ப் பிடித்தேன். இரண்டு பேரும் இழுத்து உதறினோம். சின்ன வயதில் வீட்டில் போர்வை மடிக்கிற வேலை எங்கள் இரண்டு பேருக்குத்தான். வேண்டுமென்றே வெடுக்கென்று இழுத்து என் கையிலிருந்து நழுவ வைப்பான், நான் அம்மாவைக் கூப்பிடுவேன். இப்போது மெதுவாக இழுத்தான். பாதியாக மடித்தோம். நான் அவனை நோக்கி நடந்தேன், அவன் என்னை நோக்கி வந்தான். என் முனைகளை அவன் கையில் கொடுத்துவிட்டுக் குனிந்து மடிப்பை எடுத்தேன். இன்னொரு முறை நடந்தோம். கடைசி மடிப்பில் இருவருக்கும் நடுவே ஒரு தலையணை அளவுக்குத் துணிதான் இருந்தது. அவன் விடாமல் பிடித்திருந்தான்.

"என் மூக்குல எந்நேரமும் சோப்பு வாசனதான். எனக்கு ஒண்ணும் தெரியாது" என்றான். "நீ சொல்லுக்கா. நீ என்ன சொன்னாலும் சரி."

துணியை என் முகத்துக்கு நேரே உயர்த்தினான். பின்னால் மாடியிலிருந்து யாரோ வாளியோடு இறங்கி வரும் சத்தம் கேட்டது. அவன் கண் என் முகத்தைவிட்டு நகரவில்லை. நான் கண்களை மூடிக்கொண்டு, அந்த வெள்ளை மடிப்புக்குள் முகத்தைப் புதைத்து, மூச்சை உள்ளே இழுத்தேன்.